சுவரைத் தட்டிவிட்டு மருந்தடிப்பவர்

என் அக்காவின் கணவர் பூச்சிமருந்து அடிக்கிறவர். கரப்பான், கறையான், மூட்டைப்பூச்சி, எலி என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார். முதுகில் மருந்து டப்பா, கையில் நீளக் குழாய், மூக்கில் மூடி. பதினொரு வருடமாக இதே வேலை. கம்பெனியில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'நோட்டீஸ்'. வீட்டுக்காரர் குடியிருப்பவரைக் காலி பண்ணச் சொல்லி அனுப்புவாரே, அந்த நோட்டீஸ்தான்.

மருந்து அடிப்பதற்கு முந்தின நாள் இடத்தைப் பார்க்கப் போவது அவர்கள் வழக்கம். மற்றவர்கள் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். மாமா மட்டும் இடத்துக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விரல் முட்டியால் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவார். பிறகு குனிந்து, ஓட்டைக்கு நேரே வாயை வைத்து, பெரிய ஆபீசரிடம் பேசுகிற மரியாதையோடு சொல்வார்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வர்றேன். அதுக்குள்ள கிளம்பிடுங்க. புள்ளகுட்டி இருந்தா கையோட கூட்டிட்டுப் போயிடுங்க. அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

கரப்பான்பூச்சியை 'ங்க' போட்டுக் கூப்பிடும் ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

"மாமா, கரப்பானுக்குக் காதே கிடையாதாம்," என்றேன் ஒரு நாள்.

"உனக்கு ரெண்டு இருக்கே வாலு. நீ கேக்கறியா?"

வாலு என்பது நான். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடமும் நானும் மூன்று தடவை மோதிப் பிரிந்த பிறகு, 'நீயாவது இதை மேய்த்துக்கொள்' என்று அம்மா என்னை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மூன்றாம் மாடியில் ஒன்றரை அறை. அந்த அரை என்னுடையது. அதில் பாதியை அக்காவின் தையல் மிஷினும் அவள் கடைக்குத் தைத்துக் கொடுக்கும் திரைச்சீலைத் துணியும் பிடித்துக்கொண்டிருந்தன.

"எலிக்குள்ள இருக்கற உயிரும் எனக்குள்ள இருக்கற உயிரும் ஒண்ணுதான்," என்பார் மாமா. "சட்டைதான் வேற. போன தடவை அந்தச் சட்டையை நான் போட்டிருப்பேன். அடுத்த தடவை அது இதைப் போட்டுக்கும். சட்டை கிழியும், மாத்திப்போம். உள்ள இருக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப போன ஜென்மத்துல நீங்க கரப்பானா?"

"இருக்கலாம். முதல் தடவை என்னைப் பாத்ததும் உங்க அக்கா செருப்பைத்தான் தூக்கினா."

"பஸ்ல காலை மிதிச்சா கொஞ்சவா செய்வாங்க," என்று மிஷினுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வரும்.

அவர் பெரிய படிப்பாளி ஒன்றும் இல்லை. கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்ப்பதைவிட வாசலில் தன் செருப்பைப் பார்ப்பதுதான் அதிகம். ஆனால் இரண்டு விஷயங்களில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. எல்லாவற்றுக்குள்ளும் ஒரே உயிர் இருக்கிறது என்பது ஒன்று. செய்தது செய்தவனைத் தேடி வரும் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் சேர்த்து நம்புகிறவர் பூச்சிமருந்து அடித்தால் என்ன ஆகும்? எங்கள் மாமா ஆவார்.

சாமி அலமாரியில் ஒரு பிள்ளையார் படம் உண்டு. காலடியில் எலி, கையில் எதையோ வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கும். மாமா விளக்கைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளித்தான் வைப்பார். சுடருக்குப் பின்னால் எலியின் முகம் மறைந்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று நான் சும்மா இருப்பேனா? எலியின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, 'வண்டியைக் காணவில்லை. விவரத்துக்கு நோட்டீஸை அணுகவும்' என்று எழுதிவைத்தேன்.

அக்கா சிரித்த சிரிப்பில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை. தாளை நகத்தால் பிய்க்காமல், விரலில் தண்ணீர் தொட்டுத் தொட்டு ஊறவைத்து, எலி கிழியாமல் எடுத்தார். பிறகு மாடிப்படிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"கோவமா மாமா?"

"சாமி வண்டியைப் பஞ்சர் பண்றதுதானே என் பொழப்பு. சரியாத்தான் எழுதியிருக்க." விரலில் ஒட்டியிருந்த தாள் துணுக்கைக் கைப்பிடிக் கம்பியில் தேய்த்தார். "உங்க அக்காவுக்கு முதல் தடவை போச்சே, அதுக்கு முந்தின நாள் ஒரு ஆஸ்பத்திரி சமையல்கட்டுல கரப்பான் அடிச்சேன். முறத்துல அள்ளினோம். ரெண்டாவது தடவை, கிடங்கு ஒண்ணுல எலி. கண்ணு திறக்காத குட்டிங்க ஏழு. அதுவும் முந்தின நாள்தான்."

அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் நான்காம் மாதத்தில் ஒன்று, ஐந்தாம் மாதத்தில் ஒன்று என்று இரண்டு குழந்தைகள் தங்காமல் போயிருந்தன. டாக்டர் ஏதோ காரணம் சொன்னார். மாமா தனக்கென்று ஒரு காரணம் கண்டுபிடித்து, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். சுவரைத் தட்டுகிற பழக்கம் அந்த இரண்டாவது தடவைக்குப் பிறகு வந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தட்டினா பாதிப் பேராவது கிளம்பிடுவாங்க. அவங்க பாவம் என்கிட்ட வராது. இந்தக் குழந்தை தரையில கால் வைக்கற வரைக்கும் புதுசா எதையும் சேத்துக்கக் கூடாது வாலு."

"அப்ப வேலையை விட்டுட வேண்டியதுதானே?"

"நான் விட்டா வேற ஒருத்தன் வருவான். அவன் தட்டமாட்டான்." எழுந்தார். "அக்காகிட்ட சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. அவ்வளவு நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த வாரமே அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளப் போகிறவள் நான்தான்.

எனக்கு வேலை ஒரு குழந்தைகள் காப்பகத்தில். அலுவலகக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் இருந்தது. அப்பா அம்மா வேலை முடிந்து வரும்வரை இருபத்திரண்டு பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். டம்ளர் கழுவுவது, மூக்கு துடைப்பது, நாற்பத்து நான்கு கால்களுக்கு ஷூ நாடா கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. மத்தியானம் எல்லாரையும் பாய் விரித்துப் படுக்கவைப்போம். அந்த அறையின் ஒரு பக்கச் சுவர் ஒட்டுப்பலகை. அதற்குள் கொஞ்ச நாளாக பிராண்டும் சத்தம் கேட்டது. காப்பகத்தை நடத்தும் மேடம் கம்பெனிக்கு போன் போட்டார். திங்கட்கிழமை காலையில் இடம் பார்க்க வந்து நின்றவர் எங்கள் மாமா.

பலகைக்கு அந்தப் பக்கம் துடைப்பம் வைக்கும் சின்ன அறை. மாமா பலகையைத் தடவி, ஓட்டையைப் பார்த்து, கழுத்தைத் திருப்பி யாரும் இல்லை என்று பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்த் துடைப்ப அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

டொக், டொக், டொக்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வர்றேன். அதுக்குள்ள கிளம்பிடுங்க."

மூக்கைப் பிடித்துக்கொண்டு, தொண்டையை எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக்கி, பலகை இடுக்கில் சொன்னேன். "சார்... இங்க பிரசவம் ஆகியிருக்கு சார். பச்சைக் குழந்தைங்க. மூணு நாள் டைம் குடுங்க."

'அடி வாலு' என்று கத்துவார், வெளியே வந்து சிரிக்கலாம் என்று துடைப்பக்கட்டையைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சத்தமே இல்லை. கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தேன். மாமா குந்தி உட்கார்ந்திருந்தார். ஒரு கை பலகையின்மேல் இருந்தது, யாருடைய முதுகையோ தடவிக் கொடுப்பதுபோல.

"சரி," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "வியாழக்கிழமை வர்றேன். தாயைப் பத்திரமாப் பாத்துக்கங்க."

பையிலிருந்து வேலைச் சீட்டை எடுத்து, 'இடம் பார்த்தேன். வியாழன் மருந்து' என்று எழுதினார். மேடத்திடம் மருந்து வர தாமதமாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் துடைப்பங்களோடு துடைப்பமாக நின்றிருந்தேன். சிரிக்க வேண்டிய நேரம் என்னைத் தாண்டிப் போய்விட்டது. அதைத் துரத்திப் பிடித்து, 'மாமா, அது நான்தான்' என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகு சொல்லலாம் என்றால், அவர் சந்தோஷமாக இருந்து தொலைத்தார். வழக்கம்போல மாடிப்படியிலேயே மருந்துச் சட்டையைக் கழற்றி வாளியில் போட்டபோது ஏதோ முணுமுணுத்துப் பாடினார். அக்காவுக்கு ஆரஞ்சு வாங்கி வந்து, கொட்டையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தேன், விளக்கு படத்துக்கு நேர் நடுவில் இருந்தது. எலியின் முகத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது.

புதன்கிழமை மத்தியானம், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், வக்கீல் வீறிட்டு அழுதான்.

வக்கீலுக்கு நான்கு வயது. எது சொன்னாலும் 'ஏன்' என்று ஆரம்பித்து நம்மையே குற்றவாளி ஆக்கிவிடுவான் என்பதால் அந்தப் பெயர். ஓடிப்போய்ப் பார்த்தால், மோதிர விரலில் இரண்டு பல் பதிந்த இடம், அதிலிருந்து ரத்தம். பலகை ஓட்டைப் பக்கம் கையை நீட்டித் தூங்கியிருக்கிறான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்கு ஓடினேன். ஊசி போடும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நான் அதை ஒண்ணுமே பண்ணலையே," என்று கேட்டான். அந்த வழக்கில் குற்றவாளி நான்தான்.

கம்பெனியில் சூப்பர்வைசர் மாமாவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை பார்த்த இடத்துக்கு ஏன் வியாழக்கிழமை என்று எழுதினாய் என்று கேட்டிருக்கிறார். "என் தப்பு சார்," என்பதற்கு மேல் மாமா ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

அன்று சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றவில்லை. வாசலுக்கு வெளியே கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மருந்து வாடை உள்ளே வரும் என்று அக்காவை நெருங்கவும் விடவில்லை.

"நாளையிலேர்ந்து போகல," என்றார். "கொன்னாலும் பாவம், கொல்லாம விட்டாலும் பாவம். அடுத்தவன் புள்ளையைக் கடிக்க விட்டு என் புள்ளையைக் காப்பாத்தப் பாத்தேன். இது எங்க வந்து நிக்கப்போகுதோ." அவர் பார்வை அக்காவின் வயிற்றுக்குப் போய், சட்டென்று தரைக்கு வந்தது.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யார் புள்ளைக்கு என்ன ஆச்சு? என்ன உளறல் இது?"

நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "மாமா, அந்த எலி நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"துடைப்ப அறைக்குள்ள இருந்தேன். சும்மா விளையாட்டுக்கு. நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கனு நினைச்சேன்." அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அது வேறு கேட்கவில்லை. "பாவம் எனக்குத்தான் வரணும். உங்களுக்கு வேண்டாம். பாப்பாவுக்கும் வேண்டாம். மொத்தமா எனக்கே எழுதிடச் சொல்லுங்க."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எலி பேசாதுனு எனக்குத் தெரியாதா வாலு?" என்றார் மெதுவாக. "ஆனா கேட்டது பேச்சு. பிரசவம்னு கேட்டுச்சு. சொல்றவன் எந்த வாயாலயும் சொல்லுவானே, எந்த வாய்னு நான் எதுக்கு ஆராயணும்னு விட்டுட்டேன்." விரலை என் பக்கம் நீட்டினார். "நீ கேட்ட. குடுத்தது நான். வினையைச் சோறு மாதிரி பங்கு போட்டுச் சாப்பிட முடியாது. என்னோடது எனக்கு. நீ பண்ணினதுக்கு உனக்குத் தனியா வரும், கவலைப்படாத."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. "பாப்பாவுக்கு என்ன வரும்? ரெண்டு பேரும் எதை மறைக்கறீங்க?" என்றாள். மாமா வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரி சமையல்கட்டு, கிடங்கு, ஏழு குட்டிகள், முந்தின நாள்.

அக்கா விரலிலிருந்த தையல் தொப்பியைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"இத்தனை நாளா என் பக்கத்துல படுத்துக்கிட்டு இதையா நினைச்சிட்டிருந்தீங்க?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எல்லா உயிரும் ஒண்ணும்பீங்க. கரப்பானுக்கு உயிர் இருக்கு, எலிக்கு உயிர் இருக்கு. என் வயித்துல இருந்த ரெண்டுக்கும் இல்லையா? அதுங்களுக்குனு ஒரு வழி, அதுங்களுக்குனு ஒரு வினை இருக்காதா? நீங்க அடிச்ச கரப்பானுக்குத் தண்டனையாவா அதுங்க என்கிட்ட வந்துட்டுப் போச்சு?"

மாமா முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

"நாலு மாசம் ஒண்ணு, அஞ்சு மாசம் ஒண்ணு. அவ்வளவுதான் அதுங்களுக்கு என்கிட்ட வேலை இருந்துச்சு. முடிஞ்சுது, போச்சு. நான் அப்படித்தான் மனசைத் தேத்தி வெச்சிருக்கேன். அதைக் கலைக்காதீங்க."

"அப்ப நான் செஞ்சது?"

"உங்களுக்கு வரும். வராதுனு நான் சொல்லல. ஆனா எப்படி வரும்னு உங்களுக்கு யாராவது கடுதாசி போட்டாங்களா? என் வயித்து வழியாத்தான் வரணுமா?" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இருபத்திரெண்டு புள்ளைங்க அங்க தரையில தூங்குது. எலியைப் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் நீங்க, படியில உக்காந்து பாவம் எண்ணிட்டிருக்கீங்க. உங்க தர்மம் எது, நீங்களே சொல்லுங்க. நாளைக்குக் காலையில போய் அந்த ஓட்டையை அடைங்க. முதல்ல எழுந்து சட்டையைக் கழட்டுங்க, வாந்தி வருது."

மாமா எழுந்தார். சட்டையைக் கழற்றி வாளியில் போட்டார். அக்காவின் தோளைத் தொடப் போனவர் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, சோப்புப் போடப் போனார். அன்றைக்கு மூன்று தடவை கை கழுவினார். மூன்றாவது தடவை முகத்தைத்தான் கழுவினார் என்று நினைக்கிறேன், கண் சிவந்திருந்தது.

வியாழக்கிழமை அவரும் நானும் சேர்ந்தே காப்பகத்துக்குப் போனோம். நேற்று நடந்ததில் என் பங்கை மேடத்திடம் சொன்னேன். ஒரு மாதத்துக்குக் கழிப்பறை கழுவும் வேலையும் எனக்கே என்று தீர்ப்பானது. எனக்குத் தனியாக வரும் என்று மாமா சொன்னது இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதன்பிறகு மாமா வக்கீலுக்கும் அவன் அம்மாவுக்கும் முன்னால் போய், வெறும் தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, நான் முன்னாடியே வந்திருக்கணும். வரல. தப்பு என்னோடது."

வக்கீல் கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினான். "ஏன் வரல?"

"அதுக்குக் குழந்தை பிறந்திருக்குனு நினைச்சேன்."

"பிறந்துச்சா?"

"தெரியல. இனிமேதான் பாக்கணும்."

"அதுகிட்ட கடிக்காதன்னு சொல்லு," என்றான் வக்கீல். வழக்கு அதோடு முடிந்தது. அவன் அம்மாவுக்கு அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. மாமா தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, மாமா பலகைக்கு முன்னால் நின்றார். தட்டமாட்டார் என்று நினைத்தேன். தட்டினார். மூன்று.

"இன்னைக்குத்தான். இப்பவேதான். இதுக்கு மேல குடுக்க என்கிட்ட நாள் இல்ல."

காதை வைத்துக் காத்திருந்தார். நான் இரண்டு கைகளும் தெரியும்படி அவருக்கு எதிரிலேயே, உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றேன். பதில் வரவில்லை. பலகையைக் கழற்றினார். உள்ளே ஒரு கூடு. பிள்ளைகள் வரைந்த படங்களைக் கிழித்து, பொம்மை முயலின் வயிற்றுப் பஞ்சை எடுத்து மெத்தையாகப் போட்டிருந்தது. குட்டி எதுவும் இல்லை. பிறக்கவில்லையோ, கிளம்பிப் போய்விட்டதோ. பொறி வைத்தார், ஓட்டைகளில் கம்பி வலை திணித்துச் சிமெண்டு பூசினார். சாயங்காலத்துக்குள் இரண்டு பெரிய எலிகள் மாட்டின. அவற்றை எப்போதும்போல முடித்தார், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல். கட்டடத்துக்குப் பின்னால் மரத்தடியில் குழி தோண்டி, துணியில் சுற்றிப் புதைத்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னீங்க?"

"அடுத்த தடவை நல்ல சட்டையாக் கிடைக்கட்டும்னேன்."

கம்பெனியிலிருந்து ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நோட்டீஸுக்கே நோட்டீஸ் என்று அங்கே ஒரு வாரம் சிரித்தார்களாம். அவர் இன்னமும் தட்டுகிறார். ஆனால் ஒரு நாளுக்கு மேல் யாருக்கும் கொடுப்பதில்லை.

எட்டாம் மாதம் முடிந்தது, ஒன்பது முடிந்தது, டாக்டர் சொன்ன தேதியும் வந்து போயிற்று. தேதி தாண்டிய நான்காம் நாள் காலை, அக்கா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாமா வேலைக்குக் கிளம்பியவர், திரும்பி வந்து அவள் பக்கத்தில் குந்தினார். மூன்று மாதமாக அந்த வயிற்றைப் பார்த்து அவர் இவ்வளவு தைரியமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விரல் முட்டியால், பூவைத் தட்டுவதுபோல மூன்று தட்டு.

"டைம் முடிஞ்சு போச்சு. சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு இன்னைக்குள்ள கிளம்பிடுங்க. வெளியில எல்லாரும் காத்திருக்கோம்."

நான் திரைச்சீலைத் துணிக்குப் பின்னால்தான் இருந்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"சார்... மூணு நாள் டைம் குடுங்க சார்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமா துணியை விலக்கி என் காதைப் பிடித்தார். பிடித்த கையை எடுக்காமலே, வயிற்றைப் பார்த்து, "சரி, மூணு நாள். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது," என்றார்.

மாமா தட்டியதிலிருந்து ஐந்தாம் நாள்தான் பாப்பா வந்தாள். அழுத அழுகை ஆஸ்பத்திரி நடைவரைக்கும் கேட்டது. நர்ஸ் கொண்டுவந்து நீட்டியதும், மாமா கையைச் சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டார், அது சலவைச் சட்டை என்பதைக்கூட மறந்து. வாங்கிக்கொண்டு, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரோ, எங்கேர்ந்தோ," என்றார். "எத்தனை சட்டை மாத்திட்டு வந்தாளோ."

"ரெண்டு நாள் லேட்டு மாமா. ஒண்ணும் கேக்கமாட்டீங்களா?" என்றேன்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு," என்றார், கண்ணை எடுக்காமல். "உன் குரல்ல டைம் கேட்டவ. சித்தி மாதிரிதானே இருப்பா."